போர்டு அடிச்சுப் போகவில்லை

எல்லை தாண்டும்போது பஸ்ஸின் நிறம் மாறும், கடைப் பலகையின் எழுத்து மாறும், கரண்ட் பில் தருகிற ஆபீஸ் மாறும். ஓடாத கம்ப்யூட்டருக்குச் சொல்லும் தீர்ப்பு மட்டும் மாறாது. களியக்காவிளையில் "போர்டு அடிச்சுப் போச்சு" என்பார்கள். இஞ்சிவிளை பக்கம் வந்தால் அதுவே "போர்டு அடிச்சு போயி." பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று திருவனந்தபுரத்தைப் பார்த்துப் போகப்போக மலையாளம் தெளிந்துகொண்டே வரும், தீர்ப்பு அப்படியே இருக்கும். நாடி பிடித்துப் பார்க்காத வைத்தியர் மாதிரி, பெட்டியின் பக்கத் தகட்டைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிடுவார்கள்.

தீர்ப்போடு இரண்டு வால்களும் வரும். "பழைய சாதனந்தானே, இனி இதில பைசா போடாண்டாம்" என்பது ஒன்று. கொஞ்சம் இரக்கமுள்ளவர் சொல்வது மற்றது: "ஒரு ஃபார்மேட் அடிச்சுப் பாப்போம்." கேட்டவர் பெட்டியை வீட்டுத் திண்ணையில் நாலு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரர் வரும் அன்றைக்கு எடைக்குப் போட்டுவிடுகிறார். செகண்ட் ஹேண்டில் எடுத்தால் இதுதான் கதி என்று அக்கம்பக்கத்துக்கும் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்.

இந்த மூன்று பேச்சும் பெரும்பாலும் தப்பு என்பது என் கட்சி. யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. பார்க்காமல் சொல்கிறார்கள். பார்க்காமல் சொன்னதையே ஊர் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொன்னதில் அது ஒரு சாஸ்திரம் மாதிரி ஆகிவிட்டது.

நான் மெக்கானிக் இல்லை. அச்சுக்குப் போகும் தாள்களில் ஒற்றும் புள்ளியும் பார்த்துப் பிழைக்கிறவன். இருபது வருஷமாகப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றுகூட வாங்கியதில்லை. என்னிடம் வந்ததெல்லாம் யாரோ எங்கோ ஓட்டிக் கழித்தவை. பெரிய ஆபீஸ்கள் சில வருஷம் உபயோகித்துவிட்டு மொத்தமாகத் தள்ளுகிற பெட்டிகள் சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு என்று சுற்றி, மார்த்தாண்டத்துக் கடை வழியாகவோ திருவனந்தபுரத்துக் கடை வழியாகவோ நம்மூரில் வந்து இறங்குகின்றன. அவை என் வீட்டில் பலமுறை எழும்பாமல் கிடந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் போர்டு போச்சு என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது. நிஜமாகவே போர்டு போனது ஒரே ஒரு முறை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் நடந்ததிலிருந்து தொடங்கலாம். பாறசாலைக்கு இந்தப் பக்கம் ஒரு அக்கா டிடிபி கடை வைத்திருக்கிறார், ஒற்றை முறிக் கடை. கல்யாண அழைப்பிதழ்தான் முக்கிய வருமானம், அதுவும் இரட்டை மொழி அழைப்பிதழ். 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை போட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டோடு போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்றுதான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது, கிடைக்கவில்லை. ஆனால் கோடு போட்டவர்கள் பெண் கொடுக்கவும் எடுக்கவும் கூடாது என்று சொல்லவில்லையே. அதனால் இன்றைக்கும் ஒரு வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மலையாளத்திலும் மறு வீட்டாருக்குத் தமிழிலும் அழைப்பிதழ் அடிக்க வேண்டியிருக்கிறது. அக்காவின் அடுப்பு எரிவது அந்தக் கோட்டின் புண்ணியத்தில்.

அவருடைய கம்ப்யூட்டர் 2010 வாக்கில் செய்தது, அவர் கைக்கு வந்தபோதே இரண்டாம் கை. உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7. சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அந்த விஷயத்துக்கும் வருகிறேன்.

துலாவர்ஷத்து இடியைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் வரை வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு மலைப்பக்கம் கறுக்கும், நாலு மணிக்கு வானம் பிளக்கும். அன்றைக்கும் அப்படித்தான். புத்தியுள்ளவர்கள் செய்வதை அக்கா செய்தார்: கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, வயரைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் வந்து பிளக்கைச் சொருகி சுவிட்சை அமுக்கினால், கம்பெனிச் சின்னம் வந்தது. தேதி தப்பாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது, எஃப்-1 அமுக்கச் சொன்னது. அமுக்கினார். விண்டோஸ் கொடி வந்தது. கண் மூடித் திறக்கும் நேரம் ஒரு நீலத்திரை. உடனே அணைந்து மறுபடி முதலிலிருந்து. சின்னம், எஃப்-1, கொடி, நீலம். சின்னம், எஃப்-1, கொடி, நீலம். சாயங்காலம் முந்நூறு அழைப்பிதழ் பிரஸ்ஸுக்குப் போக வேண்டும்.

பெட்டியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். முதல் கடையில் பையன் அதை மேசையில் வைக்கக்கூட விடவில்லை. "நேத்து அடிச்ச இடி கேட்டியளா அக்கா? போர்டு அடிச்சுப் போச்சு." இரண்டாவது கடைக்காரர் நல்லவர், ஃபார்மேட் அடித்து விண்டோஸ் 10 போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். அக்கா பணம் எடுத்து வரத் திரும்பிய வழியில், அழைப்பிதழ் புரூஃபோடு நான் எதிரே வந்தேன்.

"சின்னம் வருதா?" என்று கேட்டேன்.

"வருது சாரே."

"எஃப்-1 கேக்குதா?"

"அது கொஞ்ச நாளாவே, ராத்திரி கரண்ட் போனா காலைல கேக்கும். அமுக்கினா ஓடும். இன்னைக்குத்தான் ஓடல்ல."

பாதி வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் எழும்புவதற்கு ஒரு வரிசை உண்டு. பிளக்கைச் சொருகியதுமே, நாம் சுவிட்சைத் தொடும் முன்பே, எஸ்எம்பிஎஸ் என்கிற கரண்ட் பெட்டி ஐந்து வோல்ட்டில் ஒரு சின்ன ஓட்டத்தைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். சுவிட்சை அமுக்கினால் மற்ற வோல்டேஜ்கள் வரும், எல்லாம் நிலைப்பட்டது என்று ஒரு சமிக்ஞை போகும், அதன் பிறகே பிராசசர் கண் விழிக்கும். விழித்ததும், போர்டிலேயே பதிந்திருக்கிற பயாஸ் என்ற நிரல் சொல்கிறபடி ராம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும், திரைக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கும். ராம் பிடிபடவில்லை என்றால் பீப் பீப் என்று கத்தும், ஏனென்றால் எழுதிக் காட்டுவதற்குத் திரை இன்னும் கையில் இல்லை. திரை கைக்கு வந்த பிறகுதான் சின்னம். அதன் பிறகு டிஸ்க்கைத் தேடி, அதன் தலைமாட்டில் இருக்கும் ஒரு துணுக்கைப் படித்து, விண்டோஸிடமோ லினக்ஸிடமோ சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஒரு படி தாண்டாமல் அடுத்த படி கிடையாது. ஆகவே எந்தப் படியில் நின்றிருக்கிறதோ, அதற்குக் கீழே உள்ள படிகள் பெரும்பாலும் உறுதியாக இருக்கின்றன என்று அர்த்தம்.

எழும்பாத கம்ப்யூட்டர் என்றால் மிகப் பெரிய கோளாறு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது வாரத்துக்கு ஒருமுறை, என்ன காரணம் என்றே தெரியாமல் தொங்கி நிற்கிற கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதுதான் தலைவலி. அதன் பின்னால் ஒரு மாதம் அலையலாம். எழும்பாதது அப்படி இல்லை. எந்த இடத்தில் நின்றேன் என்று அதுவே காட்டிவிடுகிறது. விசிறியே சுற்றவில்லையா, கரண்ட் வரும் வழியைப் பார். விசிறி சுற்றித் திரை கறுப்பாகக் கிடந்து பீப் கேட்கிறதா, ராமைப் பார். சின்னம் வந்து டிஸ்க் இல்லை என்கிறதா, டிஸ்க்கையும் அதன் கேபிளையும் பார். அதற்கும் முன்னால், யாராவது பென் டிரைவைச் சொருகி மறந்திருக்கிறார்களா என்று பின்பக்கம் எட்டிப் பார். பழைய எக்ஸ்பி பெட்டிகளில் "என்டிஎல்டிஆர் மிஸ்ஸிங்" என்று வருகிற பீதிக்கு அந்த மறந்துபோன பென் டிரைவே போதும்.

அக்காவின் பெட்டியில் சின்னத்தை வரைந்தது யார்? போர்டு. தேதி தப்பு என்று எழுதியது யார்? போர்டு. எஃப்-1 அமுக்கியதும் கேட்டு நடந்தது யார்? அதுவும் போர்டு. செத்துப்போனதாகச் சொல்லப்படுகிற ஆள் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெட்டியைத் திறந்தோம். போர்டின் ஓரத்தில், பழைய ஐம்பது பைசா அளவில், வெள்ளி நிறத்தில் ஒரு பொத்தான் பேட்டரி. அதன் பெயர் சிஆர் 2032. அந்த எண்ணில் ரகசியம் ஒன்றும் இல்லை: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். புதிதாக இருக்கும்போது மூன்று வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கடிகாரம் ஓடவும், பயாஸில் நாம் செய்து வைத்த மாற்றங்கள் மறக்காமல் இருக்கவும் அது வேண்டும். நகத்தால் நெம்பி எடுத்து மீட்டர் வைத்தேன். இரண்டு வோல்ட்கூட இல்லை.

அது அன்றைக்குச் சாகவில்லை, செத்துப் பல மாதம் ஆகியிருக்கும். பிளக் எப்போதும் சுவரில் இருந்ததால், எஸ்எம்பிஎஸ் கொடுக்கிற அந்த ஐந்து வோல்ட்டை வைத்துக் கடிகாரமும் மாற்றங்களும் பிழைத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கரண்ட் போய் வந்தபோதெல்லாம் தேதி மட்டும் போனதோடு தப்பித்தது. முதன்முறையாக ஒரு ராத்திரி முழுக்கப் பிளக்கை உருவி வைத்தபோது எல்லாம் அழிந்து, பயாஸ் தொழிற்சாலையில் இருந்து வந்த நிலைக்கே திரும்பிவிட்டது. அழிந்தவற்றில் ஒன்று டிஸ்க்கோடு பேசும் முறை. எக்ஸ்பிக்கு ஏஹெச்சிஐ என்ற முறை தானாகத் தெரியாது. அதனால் அந்தக் காலத்தில் எக்ஸ்பி போட்டுக் கொடுத்தவர், யாரோ ஒரு கெட்டிக்காரர், பயாஸில் போய் அதைப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றி வைத்திருந்தார். இப்போது அது மறுபடி ஏஹெச்சிஐ ஆகிவிட்டது. விண்டோஸ் எழும்பப் பார்க்கிறது, டிஸ்க் கண்ணுக்குத் தெரியவில்லை, நீலத்திரையைக் காட்டிவிட்டு விழுகிறது. அந்தத் திரையில் இருந்த பிழை எண்ணின் கடைசி இரண்டு எழுத்து 'ஏழு, பி'. தொடங்க வேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்த எண் அது.

அதாவது, இடியிலிருந்து காப்பாற்ற எடுத்த முன்ஜாக்கிரதையே கம்ப்யூட்டரை நிறுத்தியது. ஊர் பழியைத் தூக்கி இடியின் தலையில் போட்டது.

என் மேசை டிராயரில் கிடந்த பேட்டரி ஒன்றைப் போட்டேன். கடையில் வாங்கினாலும் முப்பது நாற்பது ரூபாய்தான். பயாஸில் ஒரே ஒரு வரியை மாற்றி, தேதியையும் சரி செய்தேன். கொடி வந்தது, மேசைத் திரை வந்தது, பேஜ்மேக்கர் திறந்தது. சாயங்காலம் அழைப்பிதழ் பிரஸ்ஸுக்குப் போயிற்று.

இடி கம்ப்யூட்டரைக் கொல்லாது என்று யாரும் என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கொல்லும். ஆனால் அதற்கு ஒரு நடை உண்டு. போன் வயர், கேபிள் வயர் வழியாக வந்து முதலில் மோடத்தைத் தின்னும், அப்புறம் நெட்வொர்க் வயர் சொருகும் வாயை. கரண்ட் வழியாக வந்தால் எஸ்எம்பிஎஸ்தான் முன்னால் நின்று அடி வாங்கும். அப்படி அடிபட்ட பெட்டியில் பெரும்பாலும் சின்னமும் வராது, சத்தமும் வராது. அப்போதும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்க்கிற வரைக்கும் போர்டு போச்சு என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. (எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே உள்ள கப்பாசிட்டர் ஆளைத் தூக்கி எறியும்.) ஐப்பசியில் நின்றுபோகும் ஒவ்வொரு பெட்டியும் இடியில் செத்தது என்றால், தை மாதத்தில் நிற்பதெல்லாம் பனியில் செத்ததா?

ஃபார்மேட் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையான கோபம் இதில்தான். போர்டு போச்சு என்பவர் குறைந்தபட்சம் பெட்டியைத் தொடாமல் அனுப்பிவிடுகிறார். ஃபார்மேட் அடிக்கிறவர் நோய் தெரியாமலே அறுவைச் சிகிச்சை செய்கிறார். அன்றைக்கு அக்காவின் டிஸ்க்கை அழித்து விண்டோஸ் 10 போட்டிருந்தால் கம்ப்யூட்டர் ஓடியிருக்கும், ஏனென்றால் விண்டோஸ் 10-க்கு ஏஹெச்சிஐ தெரியும். "பாத்தியளா, ஃபார்மேட் அடிச்சதும் ஓடுது" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார், அக்காவும் நம்பியிருப்பார். பேட்டரி செத்தபடியே கிடந்திருக்கும். ஒரு கோளாறைத் தொடாமலே அது தீர்ந்த மாதிரி காட்டுவதில்தான் ஃபார்மேட்டின் கீர்த்தி நிற்கிறது.

என்ன அழிந்திருக்கும் என்றும் பாருங்கள். பத்துப் பதினைந்து வருஷத்து அழைப்பிதழ்கள், கோயில் கொடை நோட்டீஸ்கள், சர்ச் திருநாள் நோட்டீஸ்கள், எல்லாம் பேஜ்மேக்கர் கோப்புகள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, வந்தது 2001-ல், அதற்குப் பிறகு அடோபி அதைத் தொடரவில்லை. அந்தக் கோப்புகளில் இருக்கும் தமிழ் யூனிகோடு தமிழ் அல்ல. பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தது. மலையாளம் எம்எல்-டிடி கார்த்திகாவில் அடித்தது. அந்த எழுத்துருக்கள் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மணமகன் பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்தும் கமாவும் கூரை பிய்ந்த மாதிரிக் கிடக்கும். பழைய எழுத்துரு, பழைய மென்பொருள், அவற்றுக்குப் பழகிய பிரிண்டர், கீபோர்டில் கண் பார்க்காமல் ஓடுகிற விரல், எல்லாம் சேர்ந்துதான் அக்காவின் கடை. அந்தக் கடையின் கூரையைப் பிரித்துவிட்டு, தரையைக் கழுவித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ல் கைகழுவிவிட்டது என்பது அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பெட்டியில் அவர் இன்டர்நெட் வயரைச் சொருகுவதே இல்லை. மெயிலுக்கு போன் இருக்கிறது.

"எல்லாம் சரி, ஆனாலும் பழசு பழசுதானே?" இதைச் சொல்லும்போது ஒரு தத்துவ ஞானியின் முகம் வந்துவிடும் எல்லாருக்கும். பழசு என்பது ஒரு நோயின் பெயரா? கம்ப்யூட்டருக்குள் எல்லாம் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை. பிராசசர், ராம் சிப்புகள், போர்டில் உள்ள செம்புக் கோடுகள் எல்லாம் நம்மை விட அதிக நாள் இருக்கும் போலிருக்கிறது. கிழடாவது வேறு: பொத்தான் பேட்டரி, விசிறியின் பேரிங், பிராசசர்மேல் தடவிய பேஸ்ட், கேபிள் முனை, சுழல்கிற ஹார்ட் டிஸ்க். ஒன்றுகூடப் போர்டோடு பிறந்து போர்டோடு சாக வேண்டியது இல்லை. தேய்ந்த செருப்புக்காகக் காலை யாரும் வெட்டுவதில்லை.

நம்மூர் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. பொழியூர், பூவார் பக்கம் கடற்காற்றில் உப்பு. மற்ற இடங்களில் ஆடி மாதத்து ஈரம்; சுவரில் சாய்த்து வைத்த பாயே பூசணம் பிடிக்கும். ராம் அட்டையின் அடியில் வரிசையாக இருக்கிற மஞ்சள் பற்களின் மேல் அந்த ஈரமும் தூசியும் சேர்ந்து ஒரு படலம் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தும், திரை கறுப்பு. இதற்கு மருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பென்சில் ரப்பர். பிளக்கை உருவி, சுவிட்சைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்து மிச்சம் மீதி கரண்டை வடியவிட்டு, இரண்டு ஓரத்துக் கொக்கிகளையும் தள்ளினால் அட்டை தானாக எழும்பி வரும். ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, பற்களை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தால், வெள்ளை ரப்பரில் கறுப்புக் கோடு விழும். ரப்பர்த் தூளை ஊதாமல் பிரஷால் தட்டிவிட வேண்டும், ஊதினால் எச்சில் ஈரம் படும். திரும்ப வைத்து இரண்டு பெருவிரலாலும் அழுத்தினால் கொக்கிகள் டக், டக் என்று தாமாகப் பூட்டிக்கொள்ளும். ஒரு டக் மட்டும் கேட்டால் இன்னும் உட்காரவில்லை. நான் காப்பாற்றிய பெட்டிகளில் பாதி அந்த இரண்டாவது டக்கில் எழும்பியவை.

எழும்பி ஐந்து நிமிஷத்தில் நின்றுபோகிறதா, காய்ந்துபோன பேஸ்ட்டைப் பார்க்கலாம், விசிறியில் அடைத்த தூசியைப் பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் எறும்புப் புற்றும் பல்லிக் கருவாடும் கண்டவர்கள் நம்மூரில் நிறைய.

பழசு என்கிறவர்களுக்கு இன்னொரு கதை. போர்டில் சின்ன உருளை உருளையாக நிற்கிற கப்பாசிட்டர்கள் தலை வீங்கி, பிசின் கசிந்து கிடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க இது ஒரு கொள்ளைநோயாகவே வந்தது. உள்ளே ஊற்றிய திரவம் மட்டமானது, அவ்வளவுதான். டெல் நிறுவனம் 2005-ல் தன் ஆப்டிபிளெக்ஸ் பெட்டிகளுக்காக முப்பது கோடி டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெட்டிகளுக்கு அப்போது என்ன வயசு? இரண்டு, அதிகம் போனால் மூன்று. பழசானதால் வீங்கவில்லை, மோசமாகச் செய்ததால் வீங்கியது. அதைத் தாண்டி இன்றைக்கும் ஓடுகிற பழைய பெட்டி, தன் சோதனையை எழுதித் தேறிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன். வாரன்டிக்குள் இருக்கும் புதியது இன்னும் பரீட்சைக்குப் போகவில்லை.

அடுத்த ஆயுதம் விண்டோஸ் 11. 2021 அக்டோபரில் வந்த அது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்று வாசலில் ஆள் நிறுத்தியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அன்றிலிருந்து எழும்பாத பெட்டியைக் கொண்டுபோனால், "எழும்பினாலும் இனி பிரயோஜனம் இல்ல" என்கிறார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்க வேண்டாமா? ஐடி அட் ஸ்கூல் என்று தொடங்கி 2017-ல் கைட் என்று பெயர் மாறிய கேரள அரசு அமைப்பு, பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் பாடத்தை உபுண்டுவை ஒட்டிச் செய்த லினக்ஸில்தான் நடத்துகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை பள்ளியில் லினக்ஸில் படம் வரைந்துவிட்டு வீட்டுக்கு வருகிறது. வீட்டில் அப்பன், விண்டோஸ் ஏறாது என்று பெட்டியை ஆக்ரிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

லினக்ஸை நிரந்தரமாகப் போட வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. பென் டிரைவில் வைத்து, டிஸ்க்கைத் தொடாமலே எழுப்பிப் பார்க்கலாம். எழும்பிவிட்டால் போர்டும் பிராசசரும் ராமும் வேலை செய்கின்றன, குற்றவாளி டிஸ்க்கோ விண்டோஸோ என்று தெரிந்துபோகும். கோப்புகளையும் அப்போதே வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஃபார்மேட் கடைசியில் செய்ய வேண்டியது, இது முதலில் செய்ய வேண்டியது. நம்மூரில் வரிசை தலைகீழ்.

கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் 2011-லிருந்து தமிழக அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலையில்லா லேப்டாப் கொடுத்தது. விண்டோஸோடு சிடாக் செய்த பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை உண்டு. இந்தப் பக்கம் கல்யாணம் ஆகி வந்த பெண்களோடு அவையும் எல்லை தாண்டின. நகைப் பட்டியலில் எழுதாத சீதனம். அவற்றில் பல இப்போது அலமாரியின் மேல் தட்டில், "சார்ஜ் ஏறல்ல, ஓண் ஆகல்ல" என்ற பட்டத்தோடு கிடக்கின்றன. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சார்ஜரை மட்டும் சொருகி, சுவிட்சை அமுக்கிப் பார்த்தவர் எத்தனை பேர்?

2022-ல் உலகம் தூக்கி எறிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனது அதில் 22.3 சதவீதம் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. நம் திண்ணையிலிருந்து எடைக்குப் போன பெட்டி எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று ஆக்ரிக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

இதுவரை கடைக்காரர்களைத் திட்டினேன். அவர்கள் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது, அது சின்ன நியாயமும் இல்லை. அந்த முதல் கடைப் பையனிடம் பிறகு ஒருநாள் பேட்டரிக் கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, ஒரு மணிக்கூர் இருந்து பாத்து, நாப்பது ரூபா பேட்டரி மாத்தினேன்னு வைங்க. கூலி முந்நூறு கேட்டா அந்த அக்கா தருவாவளா? நாப்பது ரூபா சாதனத்துக்கு முந்நூறான்னு ஊரெல்லாம் சொல்லுவாவ. போர்டு மாத்துனேன்னு சொன்னா மூவாயிரம் தருவாவ, சந்தோசமாட்டு."

என்னிடம் பதில் இல்லை. டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், அவர் ஒன்றும் இல்லை போ என்று சொன்னால் இன்னும் சந்தோஷமாகக் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் பார்க்கிறவனுக்குப் பொருளின் விலையோடு சேர்த்துத்தான் கூலி. பார்த்ததற்கு, யோசித்ததற்கு, கோளாறு இன்னதென்று கண்டதற்குக் கூலி இல்லை. கண்டுபிடிப்பதற்குக் காசு தராத ஊரில் எவன் கண்டுபிடிப்பான்? பெரிய பொருளை மாற்று, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அழி என்பது அவன் சோம்பலில் பிறந்தது என்று நினைத்திருந்தேன். நம் கஞ்சத்தனத்துக்கும் அதில் பாதிப் பங்கு. பழைய பெட்டி ஓடாது என்ற ஊர்ப்பேச்சை அவன் உண்டாக்கவில்லை, நாம் உண்டாக்கிக் கொடுத்ததை அவன் விற்கிறான். இருந்தாலும் மேசையில் வைக்க விடாமல் அனுப்பியது தப்புதான் என்று அவனிடம் சொன்னேன். "அது தப்புதான்" என்றான்.

எல்லாப் பெட்டியையும் காப்பாற்றலாம் என்பதும் வெறும் வீம்பு. டிஸ்க்கு உள்ளே கட கட என்று தட்டும் சத்தம் கேட்டால் ரப்பரும் பேட்டரியும் உதவாது. உடனே அணைத்துவிட்டு, கோப்பு முக்கியமென்றால் தெரிந்தவர் கையில் கொடுக்க வேண்டும். மறுபடி மறுபடி ஓட்டிப் பார்ப்பது இருக்கிறதையும் சுரண்டுவது. நாள் முழுக்க ஓடுகிற ஆபீஸுக்குப் பழைய பெரிய பெட்டி கரண்ட் பில்லில் பழிவாங்கும் என்பதும் உண்மை. பேங்க் பணம் புழங்குகிற கம்ப்யூட்டரில் ஆதரவு போன விண்டோஸை வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் உலாவுகிறவருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

நிஜமாகவே போர்டு போன என் பெட்டியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேனே. எஸ்எம்பிஎஸ் மாற்றிப் பார்த்தேன், ராமைத் தேய்த்துப் பார்த்தேன், இரண்டு அட்டையில் ஒன்றை மட்டும் வைத்து, அப்புறம் இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன், பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிஷம் விட்டுப் பார்த்தேன், டிஸ்க்கு வயரையெல்லாம் உருவிவிட்டுப் பார்த்தேன். விசிறி ஒரு சுற்றுச் சுற்றும், நிற்கும். மறுபடி ஒரு சுற்று. பிராசசரைப் பக்கத்து வீட்டுப் பெட்டியில் மாட்டினால் ஓடியது. மூன்று நாள். அதன் பிறகுதான் போர்டு போச்சு என்று நானே என் வாயால் சொன்னேன். ராம் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று, டிஸ்க்கு என் இன்னொரு பெட்டிக்கு, எஸ்எம்பிஎஸ் ஒரு சிநேகிதருக்கு. மிச்சம் தகரமும் போர்டும் ஆக்ரிக்கு. தராசில் ஏற்றும் முன் போர்டின் ஓரத்தில் இருந்த பொத்தான் பேட்டரியை நெம்பி எடுத்து மீட்டர் வைத்தேன், மூன்று வோல்ட் காட்டியது. அதைத்தான் மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். இப்போது அது அக்காவின் கடையில் ஓடுகிறது.